உமிச்சாம்பல் ஏன் இன்னும் சீமெந்துக்குள் போகவில்லை? நம் பக்கத்துப் பிரயோக ஆய்வுகள் நின்றுபோகிற இடம்

ஒரு தொன் நெல்லைக் குற்றினால் கிட்டத்தட்ட 200 கிலோ உமி மிஞ்சும், அந்த உமியை எரித்தால் 40 கிலோ அளவில் சாம்பல் வரும், நன்றாக எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். அம்பாறை மாவட்டத்துச் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகளின் பின்புறம் போய்ப் பார்த்தவர்களுக்கு உமிக் குவியல் புதிதில்லை. கொஞ்சம் நெல் அவிக்கிற அடுப்புக்குப் போகும், கொஞ்சம் செங்கல் சூளைக்கும் கோழிக் கூட்டுக்கும் போகும், மிச்சம் கிடந்த இடத்திலேயே நாள்கணக்கில் புகையும். அந்த ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கி, சீமெந்து விலையைக் கேட்டுவிட்டு அத்திவாரத்தோடு வேலையை நிறுத்தி வைத்திருப்பார். 2022 நெருக்கடியில் 50 கிலோ பை 3,000 ரூபாவைத் தாண்டியது; ஓரிரு வருடங்களுக்கு முன்னர்தான் அது 1,000 ரூபா அளவில் விற்றது.

சீமெந்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் உமிச்சாம்பலைச் சேர்க்கலாம் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1970களிலேயே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி. கே. மேத்தா இதை ஆராய்ந்து காட்டினார், அதற்குப் பிறகு நெல் விளைகிற பல நாடுகளில் இதே ஆய்வு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அரை நூற்றாண்டாகத் தெரிந்த விஷயம், மூலப்பொருள் குவிந்து கிடக்கிற அம்பாறையில் ஏன் ஒரு மேசனின் கைக்கு வரவில்லை? பிரயோக ஆய்வு என்று நாம் சொல்கிற எல்லாவற்றிடமும், அது முகாமைத்துவ பீடத்தில் நடந்தாலும் ஆசிரியர் கலாசாலையில் நடந்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்கலாம். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். விடை கிடைத்த அன்றைக்கே ஆய்வு முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழும்பிப் போய்விடுகிறார்கள், பாதி வேலை அதற்குப் பிறகுதான் கிடக்கிறது.

சரி, முதலில் அந்தச் சாம்பல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது பிணைக்கிற பசையோடு கல்சியம் ஐதரொட்சைட்டும் உண்டாகிறது, அதாவது நம் நீற்றிய சுண்ணாம்பு. பலத்துக்கு அதனால் பெரிய உதவி கிடையாது. உமிச்சாம்பலில் இருக்கிற சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் பசையை உண்டாக்கும், நுண்துளைகள் அடைபடும், தண்ணீரும் உப்பும் உள்ளே இறங்குவது குறையும். சீமெந்தில் பத்து முதல் இருபது சதவீதம் வரை இப்படி மாற்றலாம் என்பதுதான் பொதுவாகக் கிடைக்கிற முடிவு. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கல்லடியிலும் காத்தான்குடியிலும், கொங்கிரீட் வெடித்துக் கம்பி துருவேறி வெளியே தெரிகிற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, உப்பு இறங்குவது குறையும் என்பதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லாச் சாம்பலும் இந்த வேலையைச் செய்யாது. சிலிக்கா பளிங்காக, அதாவது படிகமாக, மாறாமல் இருக்கவேண்டும், அதற்கு எரிகிற வெப்பம் 700 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் பார்க்கவேண்டும். கூடினால் சிலிக்கா பளிங்காகி, சுண்ணாம்போடு சேருகிற குணம் போய்விடும். வெப்பமோ காற்றோ போதாவிட்டால் கரி மிஞ்சும், கரி மிஞ்சிய கறுத்த சாம்பல் தண்ணீரை உறிஞ்சும், கலவைக்குக் கூடத் தண்ணீர் ஊற்றவேண்டி வரும், கூடத் தண்ணீர் ஊற்றினால் கொங்கிரீட் என்ன ஆகும் என்பது எந்த மேசனுக்கும் தெரியும். ஆய்வுகூடத்து மின் உலையில் வெப்பத்தை ஒரே அளவில் பிடித்துவைத்து எடுக்கிற சாம்பல் அருமையாக வேலை செய்யும். ஆலை அடுப்பில் யாரும் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில்லை. நெல் அவியவேண்டும், அவ்வளவுதான் அங்கே கணக்கு. நடுவில் சூடு கூடிய சாம்பலும் ஓரத்தில் காற்றுப் போதாமல் கறுத்த சாம்பலும் ஒரே குவியலில் கலந்து கிடக்கும், மழை பெய்தால் அதுவும் கரைந்து ஓடும். இதோடு அரைக்கிற செலவு இருக்கிறது, ஏனென்றால் நன்றாக அரைத்தால்தான் இந்தச் சாம்பல் முழுப் பலனைத் தரும். ஏற்றிப் போகிற செலவு இருக்கிறது, பாரம் குறைந்த பொருள் லொறியை நிறைத்துவிடும். அளவுக்கு மேல் சூடேறிய சாம்பலின் பளிங்குச் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும், அதைச் சவளால் அள்ளுகிற தொழிலாளிக்கு முகக்கவசம் யார் கொடுப்பது என்பதும் இந்த ஆய்வுக்குள் வரவேண்டிய கேள்விதான்.

இவற்றில் எத்தனை கேள்வி ஒரு மாணவரின் ஆய்வறிக்கைக்குள் வரும்? கொங்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாளில் அளப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். கலவையைக் குழைத்து, கட்டைகளாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கி, இலக்கத்தைக் குறித்தால் ஓர் அரையாண்டுக்குள் வேலை முடிந்துவிடும். வாவிக்கரையில் ஐந்து வருடம் கிடந்த கட்டைக்கு என்ன ஆனது என்ற கேள்வி அரையாண்டுக்குள் அடங்காது, அதனால் அதைக் கேட்பவர் குறைவு. மாணவரைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்குக் கொடுத்த காலம் அவ்வளவுதான்.

ஆய்வுகளை வகைப்படுத்த உலக நாடுகள் பயன்படுத்துகிற கைநூல் ஒன்று 1963ல் இத்தாலியின் பிரஸ்காட்டி நகரில் கூடிய நிபுணர்களால் உருவானது. அதன்படி அடிப்படை ஆய்வு ஒன்று, குறிப்பிட்ட தேவைக்காகச் செய்கிற பிரயோக ஆய்வு இரண்டு, கிடைத்த அறிவை வைத்துப் பொருளாகவோ செய்முறையாகவோ மாற்றிப் பார்க்கிற பரிசோதனைசார் அபிவிருத்தி மூன்று. நம்மிடம் பஞ்சம் இந்த மூன்றாவதில்தான். இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தைத்தான் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவழிக்கிறது. இருக்கிற காசு உபகரணம் வாங்கவும் மாநாடு நடத்தவும் போனால், ஆலை அடுப்பை மாற்றிப் பார்க்க யாரிடம் கேட்பது?

பொருளை மட்டும் பார்த்தால் போதாது, அதைச் சுற்றியுள்ள முழுச் செய்முறையையும் பார்க்கவேண்டும் என்பதற்கு வாழைச்சேனை காகித ஆலை நல்ல உதாரணம். வைக்கோலில் இருந்து காகிதம் செய்யலாம் என்ற எண்ணத்தில் 1950களில் தொடங்கிய ஆலை அது. நெல் விளைகிற பூமிக்குப் பொருத்தமான யோசனைதான். ஆனால் உமியில் இருக்கிற அதே சிலிக்கா வைக்கோலிலும் இருக்கிறது. காரத்தில் வைக்கோலை அவிக்கும்போது அது கரைந்து கழிவுநீரில் சேரும், அந்தக் கறுப்பு நீரைக் காய்ச்சி இரசாயனத்தைத் திரும்ப எடுக்க முயன்றால் குழாய்களில் படிந்து அடைக்கும். வைக்கோலில் காகிதம் செய்கிற ஆலைகளுக்கு உலகெங்கும் இருக்கிற தலையிடி இது. சீமெந்தில் வரமாக இருக்கிற சிலிக்கா காகிதத்தில் சாபம்.

இப்போது அம்பாறையிலேயே நடந்த வேறொரு ஆய்வைச் சொல்லவேண்டும். நம் மாணவர்களில் பலர் இதைக் கேள்விப்படாமலே பட்டம் பெற்றுப் போவது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் 1949ல் தொடங்கியது. முப்பது வருடம் கழித்து அதன் இடதுகரை வாய்க்கால்கள் மிக மோசமான நிலையில் இருந்தன. மேல்மடையில் இருப்பவர் தேவைக்கு மேல் பாய்ச்சுவார், கடைமடைக்கு மழை குறைந்த சிறுபோகத்தில் தண்ணீர் வந்தால் வந்தது. மேல்பக்கம் சிங்களக் குடியேற்றங்கள், கடைப்பக்கம் தமிழ் பேசுகிற ஊர்கள் என்பதால் தண்ணீர்ச் சண்டை தண்ணீரோடு நிற்கிற நிலையும் இல்லை. அமெரிக்க உதவியோடு திருத்த வேலை தொடங்கியபோது, கொழும்பில் இருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. 1981ல் இளம் பட்டதாரிகளை ஒழுங்கமைப்பாளர்களாகத் தெரிந்தெடுத்து, ஊர்களுக்குள்ளேயே குடியிருக்க அனுப்பின. போன உடனே சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர் தெரிவுசெய்யக் கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வீடு வீடாகப் போய்ப் பேசவேண்டும், ஒரே கிளை வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவர்கள் சேர்ந்து முதலில் ஒரு வேலையைச் செய்து பார்க்கவேண்டும், அமைப்பு அப்புறம் வரட்டும். இதை வழிநடத்திய கோர்னெல் ஆய்வாளர்களில் முக்கியமானவர் நோர்மன் அப்ஹொஃப்.

அந்த வருடம் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு. விவசாயிகள் வருடக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைத் தாங்களே வெட்டித் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் விடுவதா என்று அதற்கு முன்னர் கேட்டிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். திட்டம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1997 சிறுபோகத்தில், குளத்துத் தண்ணீர் நெல்லுக்குப் போதாது, 65,000 ஏக்கரில் 15,000 ஏக்கரில் மட்டும் தண்ணீர் குறைவாகத் தேவைப்படுகிற வேறு பயிர் வைக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்த விவசாயி அமைப்புகள் தண்ணீரைப் பங்கிட்டு 65,000 ஏக்கரிலும் நெல்லே விதைத்தன, வழக்கமான சராசரியை விடக் கூடவும் அறுத்தன. 2000ஆம் ஆண்டில் அப்ஹொஃபும் இலங்கை ஆய்வாளர் விஜயரத்னவும் சேர்ந்து இதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். யுத்த காலத்தில், அதுவும் இந்த மாவட்டத்தில் நடந்த சங்கதி இது என்பதை நினைத்தால் அதன் அருமை இன்னும் விளங்கும்.

இதில் ஆய்வு எது, வேலை எது என்று பிரிக்க முடியாது. ஒழுங்கமைப்பாளர்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், பார்த்ததை எழுதி அனுப்பினார்கள், ஆய்வாளர்கள் அதை வைத்துத் திட்டத்தை மாற்றினார்கள், மாற்றியது சரிவருகிறதா என்று பார்க்க அதே ஆட்கள் அதே வாய்க்காலில் இருந்தார்கள். குறையும் இருந்தது. அந்த இளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கவில்லை, ஆசிரியர் நியமனம் வந்ததும் பலர் போய்விட்டார்கள். அவர்கள் தங்கியிருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

தொழில்நுட்பப் பக்கம் வந்தால், இலையைப் படம் எடுத்து நோயைச் சொல்கிற செயலி இப்போது இறுதி வருட மாணவர்களுக்குப் பிடித்தமான தலைப்பு. இந்தத் துறையில் பேர்போன ஆய்வு ஒன்று 2016ல் வந்தது. பிளான்ட் வில்லேஜ் என்ற தொகுப்பில் இருந்த 54,306 இலைப் படங்களை வைத்துக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள், 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே கணினியிடம் வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது சரியான விடை 31 சதவீத அளவுக்கு விழுந்தது. ஆய்வாளர்களே அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். தொகுப்பில் இருந்தவை பறித்த இலையைத் தனியே வெற்றுப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வட்டையில் இலை காற்றில் ஆடும், பனி இருக்கும், பக்கத்து இலையின் நிழல் விழும், சேறு தெறித்திருக்கும். அந்தத் தொகுப்பின் 14 பயிர்களில் நெல் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். எரிபந்த நோயா அறக்கொட்டிப் பூச்சியா என்று சிறுபோக வெயிலில் நின்று சொல்கிற செயலி வேண்டுமென்றால் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையில் இருந்து கொஞ்சத் தூரம் போய் நம் வயலில் நம் நெல்லைப் படம் எடுக்கவேண்டும், எடுத்த ஒவ்வொரு படத்தையும் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பார்த்து இன்ன நோய் என்று உறுதிப்படுத்தவேண்டும். செயலி எழுதுவதை விடப் பத்து மடங்கு வேலை அது. தொண்ணூற்றொன்பது என்று திரையில் வருகிற இலக்கத்துக்குப் புள்ளி கொடுப்பதை விட, இந்த வேலைக்குப் பல்கலைக்கழகம் புள்ளி கொடுக்கவேண்டும்.

வர்த்தக, முகாமைத்துவ ஆய்வில்தான் எனக்கு அதிகம் மனம் வருந்துகிறது, ஏனென்றால் அங்கே உழைப்பு நிறைய, பலன் சொற்பம். வினாக்கொத்து ஒன்று தயாராகும். வாடிக்கையாளர் திருப்தி என்றால் 1988ல் அமெரிக்காவில் வங்கி, கடனட்டை, தொலைபேசிச் சேவைகளை வைத்து உருவாக்கிய 22 கூற்றுகள். தொழில்நுட்பத்தை ஏற்கிறார்களா என்றால் 1989ல் பிரெட் டேவிஸ் சொன்ன மாதிரி, பயன் இருக்கிறதா, பாவிக்க இலகுவா என்ற இரண்டும். மாதிரி எத்தனை பேர் என்றால் கிரெஜ்சியும் மோர்கனும் 1970ல் போட்ட அட்டவணையைப் பார்த்து 384. ஒன்றில் இருந்து ஐந்து வரை அடையாளமிடும் முறை லிக்கேர்ட் 1932ல் கொண்டுவந்தது. இவை எல்லாமே நல்ல கருவிகள், அவற்றை உருவாக்கியவர்கள் பெரிய உழைப்பாளிகள். ஆனால் காத்தான்குடியில் கொப்பியில் கடன் எழுதிச் சாமான் வாங்கி, நெல் அறுத்த பிறகு கணக்கை முடிக்கிற ஒருவரிடம் கடையின் சேவைத் தரத்துக்கு ஒன்றா ஐந்தா என்று கேட்டால், வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று நான்கைப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

மருதமுனையில் தறி வைத்திருக்கிறவரிடம் போய் உட்கார்ந்து பாருங்கள். நூல் யாரிடம் கடனுக்கு எடுக்கிறார், நூல் கொடுத்தவருக்கே நெய்த சாரத்தைக் கொடுக்கவேண்டி இருக்கிறதா, இயந்திரத் தறிச் சாரம் என்ன விலைக்கு வந்து இறங்குகிறது, மகன் ஏன் தறியில் உட்காரமாட்டேன் என்கிறான். இந்தக் கேள்விகள் எந்த அட்டவணையிலும் இல்லை. ஐந்து தறிக்காரரின் ஒரு வருடக் கணக்கை ரூபா சதத்தோடு எழுதிக் கொண்டுவருகிற மாணவருக்கு, 384 பேரிடம் அடையாளம் வாங்கி வருகிறவரை விட எனக்கு மதிப்பு அதிகம். மருதமுனை நெசவைப் பற்றி அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை வைப்பதென்றாலும் அந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும்.

கற்பித்தலில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே ஆய்வாளரும் ஆசிரியரும் ஒரே ஆள், விடை கிடைத்த பிறகும் அவர் வகுப்பை விட்டுப் போவதில்லை. செயல்நிலை ஆய்வு என்று நம் கல்வியியற் கல்லூரிகளில் படிப்பிக்கிற முறை கேர்ட் லெவின் 1940களில் எழுதியதில் இருந்து வந்தது. திட்டமிடு, செய், கவனி, யோசி, திரும்பத் திட்டமிடு. ஓர் உதாரணம் பார்ப்போம். 52இல் இருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிற பிள்ளைகள் எந்தப் பாடசாலையிலும் இருப்பார்கள். கவனயீனம் என்று சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் உற்றுப் பார்த்தால் பிள்ளை ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறது: எந்த நிரலிலும் பெரிய இலக்கத்தில் இருந்து சிறியதைக் கழி. 7இல் இருந்து 2 போனால் 5, 5இல் இருந்து 2 போனால் 3. இந்தப் பிள்ளைக்கு இன்னும் நூறு கணக்குக் கொடுத்தாலும் அதே பிழைதான் வரும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்தால்தான் ஏழு எடுக்கலாம் என்று பார்க்கவைத்தால் விளங்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிற ஓர் ஆசிரியர், பிள்ளைகளின் கொப்பிகளைப் பிழைவாரியாகப் பிரித்து அடுக்கினால் அதுவே முதல்தரமான ஆய்வு.

பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. சான்றிதழுக்காக எழுதிய அறிக்கை கட்டி முடிந்ததும் அலுமாரிக்குப் போகிறது, ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் அவர் கண்டதும் அவரோடு போகிறது. வலயக் கல்வி அலுவலகம் வருடத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, இப்படிக் கண்டதை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லவைத்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981ல் கல்லூரியாகத் தொடங்கியபோதே விவசாயமும் விஞ்ஞானமும் அங்கே இருந்தன, இப்போது ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995ல் கல்லூரியாகத் தொடங்கியது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் ஆலைகள் நிறைந்த சம்மாந்துறையிலேயே இருக்கிறது. ஆய்வுகள் ஆங்கிலத்தில் வருவதில் எனக்கு மறுப்பில்லை, உலகம் படிக்கவேண்டும். அதோடு இரண்டு பக்கம் தமிழிலும் எழுதி, தரவு கொடுத்த ஆலைக்காரருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தால்தான் ஆய்வறிக்கையை ஏற்போம் என்று ஒரு பீடம் சொன்னால் போதும், அடுத்த வருடத் தலைப்புகள் அந்த ஆட்களின் வாயில் இருந்தே வரத் தொடங்கும்.

உமிச்சாம்பலுக்கும் இதையே செய்யலாம். ஒரு விரிவுரையாளர் இந்த ஒரே தலைப்பை ஐந்து வருடம் விடாமல் பிடித்திருக்கட்டும், ஒவ்வொரு வருட மாணவர்களும் ஒவ்வொரு துண்டை எடுக்கட்டும். முதல் வருடம் ஆலை அடுப்புகளின் வெப்பத்தை அளந்து, எந்த அடுப்பில் எந்த இடத்துச் சாம்பல் தேறும் என்று குறித்து, தேறிய சாம்பலில் வார்த்த கட்டைகளைக் கடற்கரையில் கொண்டுபோய் வைக்கலாம். அரைக்கிற செலவையும் லொறிக் கூலியையும் சேர்த்து, சீமெந்து விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவது முகாமைத்துவ மாணவர்களின் வேலை. மேசன்மாரோடு ஒரு மாதம் நின்று, கலவை கரண்டியில் எப்படி ஒட்டுகிறது, எத்தனை வாளி தண்ணீர் கேட்கிறது, எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதவும் ஆட்கள் வேண்டும். ஐந்தாம் வருடம் கடற்கரைக் கட்டைகளை உடைத்து, உடைந்த முகத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் தெளித்தால் உப்பு இறங்கிய ஆழம் வரை வெள்ளையாகத் தெரியும், அதை அளவுகோல் வைத்து அளக்கலாம். சாம்பல் கலந்த கட்டையில் எத்தனை மில்லிமீற்றர், கலக்காத கட்டையில் எத்தனை மில்லிமீற்றர் என்ற அந்த இரண்டு இலக்கமும் கையில் இருந்தால் பொருள்களின் தரத்தை வகுக்கிற இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்திடம் போய் நம் ஊர்ச் சாம்பலுக்காகப் பேசலாம்.